நூற்று என்றால் பொறு, நூறு என்றால் முடிந்தது

எங்கள் அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமர நிழலில் சாய்வு மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று அவர் எழுதித் தள்ளிய பக்கங்களுக்கு அளவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டே எழுதுகிறவர், தொகை வரும் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். முதலில் எண்ணால் எழுதுவார். பிறகு அடைப்புக்குறி போட்டு, 'எழுத்தால்' என்று தொடங்கி, அதே தொகையைச் சொற்களில் எழுதுவார். 'ரூபாய்' என்ற சொல்லுக்கும் அதற்கு அடுத்த சொல்லுக்கும் நடுவில் இன்னொரு எழுத்து நுழைய இடம் விடமாட்டார். தொகை முடிந்ததும் 'மட்டும்' என்று எழுதி, அங்கிருந்து வரியின் ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுப்பார்.

"ஏனுங்கப்பா, எண்ணுத்தான் போட்டிருக்குதுங்களே, அதையே மறுபடியும் எதுக்குங்க எழுத்துல எழுதறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்னால ஒரு சுழியைப் போட்டா பத்து மடங்காயிருமல்ல கண்ணு" என்றார்.

அந்தப் பதில் எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. எழுத்திலும் திருட்டு நுழையும் என்பதையும், தமிழ் எண்ணுப்பெயர்களுக்குள்ளேயே அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது என்பதையும், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு பழைய புரோநோட்டுக் கதையிலிருந்துதான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அப்பா தொழில் பழகிக்கொண்டிருந்த காலத்தில், மஞ்சள் விவசாயி ஒருவர் தாம் எழுதிக் கொடுத்த புரோநோட்டு ஒன்றின் பேரில் வந்த வழக்கோடு அவருடைய குருவிடம் வந்தாராம். அவர் வாங்கியது ஆயிரம் ரூபாய். கடன் கொடுத்தவரோ ஆயிரத்து அறுநூறு என்கிறார். நோட்டில் 1600 என்றுதான் இருந்தது. சுழியின் தலையில் ஒரு சிறு வளைவு போட்டால் அது ஆறாகிவிடும். அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது என்பது மாற்றியவருக்கும் தெரிந்திருக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவில், எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே கொடுக்கப்படவேண்டிய தொகை என்று சொல்கிறது. ஆகவே எழுத்திலும் கை வைத்திருந்தார். 'ரூபாய் ஆயிரம்' என்று இருந்ததற்குப் பின்னால், கிடைத்த இடத்தில் 'அறுநூறு' என்று சேர்த்திருந்தார். குரு அந்தத் தாளை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்கவில்லையாம். ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஆயிரம்னு மகரத்துக்குப் புள்ளி வெச்சு முடிச்சவன் அதுக்கு மேல எழுதப்போறதில்லைங்க. எழுதறதா இருந்திருந்தா ஆயிரத்துன்னு எழுதியிருப்பான்" என்றாராம். மையின் நிறமும் கையெழுத்தும் பிறகு சாட்சியாயின. முதலில் காட்டிக்கொடுத்தது, இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் வரவேண்டிய 'அத்து' என்னும் சாரியை அங்கே இல்லாததுதான். அப்படித் திருத்திய நோட்டு சட்டப்படி செல்லாது என்று சொன்னதும், கடன் கொடுத்தவர் வாங்கிய ஆயிரத்துக்கே ஒப்புக்கொண்டு போனதாகக் கதை முடியும்.

நூறு என்றால் தொகை அங்கே முடிந்துவிட்டது. நூற்று என்றால் இன்னும் இருக்கிறது, பொறு என்று பொருள். ஆயிரம், ஆயிரத்து, இலட்சம், இலட்சத்து, இருபது, இருபத்து என்று ஒவ்வொரு பெரிய எண்ணுப்பெயருக்கும் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. நாம் பேசும்போது இதைக் கவனிப்பதே இல்லை. 'ஆயிரத்து' என்று ஒருவர் நிறுத்தினால், அடுத்து வருவது என்ன என்று காது தானாகக் காத்திருக்கும். 'ஆயிரம்' என்றால் கை சட்டைப்பைக்குப் போய்விடும்.

நான் இப்போது திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு, பில் ஆகியவற்றுக்கான மென்பொருள் எழுதுகிறேன். எண்ணை எழுத்தாக்கும் வேலை இங்கும் என்னை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தையல் யூனிட்டுக்காக, சம்பளச் சீட்டில் தொகையைத் தமிழில் எழுத்தால் அச்சிடவேண்டும் என்று கேட்டார்கள். வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய ஒரு தொகுப்பை நம்பி அப்படியே இணைத்துவிட்டேன். ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலில் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை வைத்திருந்தார்கள் என்பது முதல் சம்பள நாளன்று தெரிந்தது. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா சீட்டை என்னிடம் நீட்டினார். 1,999 ரூபாய் முன்பணப் பிடித்தத்துக்குக் கீழே, 'ஒன்று ஆயிரம் ஒன்பது நூறு தொண்ணூறு ஒன்பது' என்று அச்சாகியிருந்தது.

"இது ஒரே தொகைங்களா, இல்ல நாலு வாட்டி புடிச்சிருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வி முழுக்க முழுக்கச் சரியானது. ஆயிரம் என்றால் முடிந்தது. நூறு என்றால் முடிந்தது. தொண்ணூறு என்றால் முடிந்தது. ஒவ்வொரு சொல்லும் முடிந்து முடிந்து நிற்கும் ஒரு வரியை, தமிழ் கேட்டு வளர்ந்த காது தனித்தனித் தொகைகளாகத்தான் கேட்கும். அங்கே இருந்திருக்கவேண்டியது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்னும் தொடர். அதில் முடிந்து நிற்பது கடைசியில் வரும் ஒன்பது ஒன்றுதான். மற்றவையெல்லாம் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அன்று இரவே அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, நானே எழுத உட்கார்ந்தேன். இருபது முப்பது சொற்களும் சில விதிகளும் போதும் என்று நினைத்துத் தொடங்கிய வேலை இரண்டு வாரம் பிடித்தது.

முதலில் இடறியது ஒன்பதில். மூன்று, முப்பது, முந்நூறு என்றும், எட்டு, எண்பது, எண்ணூறு என்றும் குடும்பச் சாயலோடு வரும் வரிசையில், ஒன்பதுக்கு மட்டும் அடுத்த படி தொண்ணூறு. அதற்கும் அடுத்தது தொள்ளாயிரம். பத்தின் மடங்கு நூறு என்று முடிகிறது. நூற்றின் மடங்கு ஆயிரம் என்று முடிகிறது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இதற்கு விதி சொல்கிறார். ஒன்பது என்பதன் முன்னால் ஒரு தகரம் வந்து ஒட்டும், னகரம் இரட்டித்த ணகரமாகும், பஃது என்பதில் ஆய்தமும் பகரமும் கெடும் என்று படிப்படியாக நகர்ந்து தொண்ணூறு வரை அழைத்துப் போகிறார். அந்தத் தகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றே ஒரு பெயர் இருந்தது. பரிபாடலின் மூன்றாம் பாட்டில், திருமாலைப் போற்றும் இடத்தில் பாழ், கால், பாகு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்து, எட்டுக்கு அடுத்தபடி தொண்டு என்று வைத்திருக்கிறார்கள். தமிழில் தனியே நின்ற தொண்டு வழக்கொழிந்துவிட்டது. தொண்ணூற்றிலும் தொள்ளாயிரத்திலும் அதன் சாயல் தங்கிவிட்டது. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் ஒன்பதைத் 'தொம்மிதி' என்கிறார்கள். அந்த முதலெழுத்தை அவர்கள் விடவில்லை.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டுக்காக நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. கோவையிலும் திருப்பூரிலும் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வாளையாறு தாண்டினால் மலையாளம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறித் தாளவாடி போனால், சந்தையில் பாதிப் பேரம் கன்னடத்தில் நடக்கும். நான் இந்த நான்கு மொழிக்காரர்களிடமும் நூற்றைம்பது ரூபாயைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கன்னடத்தில் நூறு 'நூரு'. அதற்கு மேல் தொகை தொடர்ந்தால் 'நூர' என்று குழையும். ஆயிரம் 'சாவிர', தொடர்ந்தால் 'சாவிரத'. தெலுங்கில் 'நூரு' என்பது தொடரும்போது 'நூட' ஆகும். இருநூறு 'ரெண்டு வந்தலு' என்றால், இருநூற்றைம்பதில் அது 'ரெண்டு வந்தல' என்று கடைசி உகரத்தை விட்டுவிடும். மலையாளத்தில் நூறு 'நூற்றி' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்தி' ஆகும். சொற்கள் வேறு வேறாக இருந்தாலும், முடிந்த முகம் ஒன்று, தொடரும் முகம் ஒன்று என்னும் ஏற்பாட்டை நான்கு மொழிகளும் கைவிடாமல் வைத்திருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியைத் தந்த கண்டுபிடிப்பு. இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். நான் அதை ஒரு சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கிக் கண்டடைந்தேன்.

தமிழில் அதை எழுத்தில் கொண்டுவரும்போது கவனிக்கவேண்டியவை பல. 'முன்னூறு' என்று எழுதுகிறவர்கள் மிகுதி. மூன்று நூறுகளைக் குறிப்பது 'முந்நூறு'. ஐந்து நூறுகள் 'ஐந்நூறு'. நான்கு நூறுகளை 'நாநூறு' என்று எழுதிக் குழம்புகிறவர்கள் அகநானூறு, புறநானூறு என்னும் பெயர்களை நினைத்துக்கொண்டால் போதும். இலட்சத்தை இகரம் சேர்த்து எழுதினால் 'ஓர் இலட்சம்', சேர்க்காமல் எழுதினால் 'ஒரு லட்சம்'. இரண்டும் சரி, கலக்கக்கூடாது. 'ஆயிரத்தி ஐந்நூறு' என்று நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசலாம்; பத்திரத்தில் 'ஆயிரத்து ஐந்நூறு' என்றே இருக்கவேண்டும் என்பது அப்பாவின் கட்சி, என் கட்சியும் அதுதான். 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்' என்பதில் வரும் வல்லொற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அந்த ஒற்று இரண்டு சொற்களுக்கு நடுவில் அடித்த ஆணி. இடையில் வேறொன்றைச் செருகினால் உடனே தெரிந்துவிடும்.

இந்தப் புணர்ச்சி எவ்வளவு காவலாக நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் தெரியும். 'ஐம்பது' என்று எழுதிய இடத்தில் பின்னால் 'ஆயிரம்' என்று சேர்த்தால், 'ஐம்பது ஆயிரம்' என்று பிரிந்து நிற்கும். சரியாக எழுதுகிறவர் 'ஐம்பதாயிரம்' என்றே எழுதியிருப்பார். முன்னால் சேர்ப்பதும் எல்லா எண்ணுக்கும் நடக்காது. 'நூறு' என்பதற்கு முன் எட்டையோ ஒன்பதையோ கொண்டுவர முடியாது, ஏனென்றால் எண்ணூற்றிலும் தொள்ளாயிரத்திலும் சொல்லின் உடலே மாறிவிடுகிறது. ஆனால் 'இரு', 'முந்', 'ஐந்', 'அறு', 'எழு' என்னும் ஐந்தும் நூற்றின் நகரத்தைத் தொடாமல் முன்னால் வந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். நூறு ரூபாயை இருநூறாகவும் அறுநூறாகவும் எழுநூறாகவும் ஆக்க இரண்டே எழுத்து போதும். 'ரூபாய்' என்ற சொல்லை ஒட்டியே அப்பா அடுத்ததை எழுதியதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். வரியின் கடைசியில் இழுத்த கோடு ஒரு வாசலை மூடியது. அந்த நெருக்கம் இன்னொரு வாசலை மூடியது.

காசோலையைத் தமிழில் எழுதலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய எதிலும் வாடிக்கையாளர் காசோலை எழுதலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் சட்டம் எழுத்தின் பக்கம் நின்றாலும், வங்கிகள் பெரும்பாலும் காசோலையைத் திருப்பித்தான் அனுப்புகின்றன. ஆகவே தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு எழுதவேண்டும்.

மற்ற நாட்டு மொழிகள் இந்தக் காவலை எப்படிச் செய்திருக்கின்றன என்று தேடத் தொடங்கியபோது, பிரெஞ்சு மொழியில் நம்முடையதைப் போன்ற ஒன்று கிடைத்தது. அவர்கள் எண்பதை 'நான்கு இருபதுகள்' என்று எழுதுகிறார்கள். எண்பதோடு தொகை முடிந்தால், இருபதின் கடைசியில் பன்மைக்குரிய 'எஸ்' எழுத்து நிற்கும். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று நீண்டால் அந்த எழுத்து விழுந்துவிடும். இருநூறு, முந்நூற்றிலும் அப்படியே. அந்த 'எஸ்' பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்பதால் அவர்களுடைய பூட்டு முக்கியமாகக் கண்ணுக்குத் தெரிவது; நம்முடையது காதுக்கும் கேட்பது. இருபது இருபதாக எண்ணும் அந்தப் பழக்கம் அங்கே முன்பு இன்னும் விரிவாக இருந்திருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காகப் பாரிசில் நிறுவிய மருத்துவமனைக்கு இன்றும் 'பதினைந்து இருபதுகள்' என்றே பெயர். எழுபதை 'அறுபது பத்து' என்றும், தொண்ணூற்றை 'நான்கு இருபது பத்து' என்றும் பிரான்சில் சொல்ல, பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அவற்றுக்குத் தனிச் சொற்களையே வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் ஐம்பதின் பெயருக்குள் இரண்டரை இருபது ஒளிந்திருக்கிறது. எழுபது மூன்றரை இருபது. தொண்ணூறு நாலரை இருபது.

சீனர்கள் சட்டென்று புரிகிற ஒரு வழியைக் கண்டார்கள். அவர்கள் எழுத்தில் ஒன்று ஒரு கிடைக்கோடு, இரண்டு இரண்டு கோடுகள், மூன்று மூன்று கோடுகள். ஒன்றின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது பத்து. இதைவிட எளிதாகத் திருத்தக்கூடிய எழுத்து உலகில் இருக்குமா என்று தோன்றும். எனவே வங்கிக்கும் கணக்குக்கும் என்றே, அதே ஒலியுடைய, கோடுகள் மிகுந்த வேறு எழுத்துகளை எண்களுக்கு வைத்துக்கொண்டார்கள். தொகையின் கடைசியில், இத்தோடு சரி என்று காட்டும் ஓர் எழுத்தையும் சேர்க்கிறார்கள். அது நம் 'மட்டும்' செய்யும் வேலை. ஜெர்மன் மொழியில் பத்து இலட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணையும் இடைவெளியே விடாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். செருகுவதற்கு இடமே கிடையாது.

ஆனால் ஜெர்மன்காரர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. இருபத்து மூன்றை அவர்கள் 'மூன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்கிறார்கள். தொலைபேசியில் ஒருவர் எண் சொல்ல, இன்னொருவர் எழுதும்போது, 3 முதலில் காதில் விழுகிறது, 2 முதலில் எழுதப்படவேண்டியிருக்கிறது. நார்வேயிலும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசித் துறையினர் குழப்பத்தைக் காட்டி முறையிட, நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டு, 1951 முதல் பத்தை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சொல்லும் முறையை அதிகாரபூர்வமாக நடைமுறைப்படுத்தியது. ஒரு நாட்டின் சட்டமன்றம் எண் சொல்லும் வரிசையைப் பற்றி விவாதித்து முடிவெடுத்தது என்பதை நான் பெருமதிப்போடு நினைக்கிறேன்.

திருப்பூரில் இப்போது இந்திதான் என் முன்னால் நிற்கும் பெரிய வேலை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இல்லாத யூனிட் இங்கே அரிது. இந்தியில் புணர்ச்சி விதி எதுவும் எனக்கு உதவாது. ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணும் தனிச் சொல். விதி போட்டு உண்டாக்க முடியாது, மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். போதாக்குறைக்கு 19, 29, 39, 49, 59, 69, 79 ஆகியவை அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் அமைந்தவை. ஐம்பத்தொன்பது 'உன்சட்', அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. எண்பத்தொன்பதும் தொண்ணூற்றொன்பதும் மட்டும் அந்த வழியை விட்டு, 'நவாசி', 'நின்யானவே' என்று ஒன்பதை வெளிப்படையாகச் சொல்கின்றன. நம் ஒன்பதையும் பத்துக்கு ஒன்று குறைவு என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு என்பதால், இந்த வழி நமக்கு அந்நியமன்று.

ஒரு யூனிட்டில் பீஸ் ரேட் கணக்கு எழுதும் தம்பி ஒருவருக்கு, அறுபதுகள் பெரும்பாலும் 'சட்' என்று முடியும் என்பது தெரியும். இக்சட் என்றால் 61, பாசட் என்றால் 62 என்று அவர் பழகிவைத்திருந்தார். ஒரு டெய்லர் அன்றைய கணக்கை 'உன்சட்' என்று சொல்ல, இவர் அறுபதை விட்டு இறங்காமல் 61 என்று எழுதிவிட்டார். மறுநாள் துணி எண்ணிப் பார்த்தபோது இரண்டு பீஸ் குறைய, அந்த டெய்லர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் முகம் அன்று இருந்த நிலை எனக்கு மறக்காது. அதற்குப் பிறகுதான், அந்த யூனிட்டில் எண்ணைச் சொல்லி எழுதுவதோடு நிறுத்தாமல், தொழிலாளியின் மொழியிலேயே எழுத்தால் அச்சிட்டு அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

சீட்டு அச்சாகும் காகிதம் மூன்று அங்குல அகலம்தான். மிக நீளமான தொகை எத்தனை எழுத்து பிடிக்கும் என்று பார்ப்பதற்காக, 99,999ஐ எழுதி எண்ணினேன். 'தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்பதில், உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகக் கொண்டால், 29 எழுத்துகள். விளையாட்டாக அந்த 29ஐயும் எழுதிப் பார்த்தேன். இருபத்தொன்பது என்பது எட்டு எழுத்து. எட்டு என்பது மூன்று எழுத்து. மூன்று என்பதும் மூன்று எழுத்து. அதற்கு மேல் நகரவில்லை. வேறு எண்ணிலிருந்து தொடங்கினாலும் இதே இடத்துக்குத்தான் வந்தது. நூறு இரண்டு எழுத்து, இரண்டு நான்கு எழுத்து, நான்கு மூன்று எழுத்து. எந்த எண்ணாக இருந்தாலும், அதன் பெயரின் எழுத்துகளை எண்ணி, வந்த எண்ணின் பெயரை மறுபடி எண்ணிக்கொண்டே போனால் மூன்றில் வந்து நிற்கும். பத்துக்கு மேற்பட்ட எண்கள் எல்லாமே தம் மதிப்பைவிடக் குறைந்த எழுத்துகளை உடையவை என்பதாலும், ஒன்று முதல் பத்து வரை எல்லாம் மூன்றில் சேர்வதாலும், இது தப்பவே தப்பாது. ஆங்கிலத்தில் இந்தப் பயணம் நான்கில் முடியும். அங்கே நான்கின் பெயர்தான் நான்கு எழுத்து. ஜெர்மனிலும் தன் அளவைத் தானே சொல்லும் பெயர் நான்குக்கு இருக்கிறது. இத்தாலிய மொழியில் மூன்றுக்கும் ஸ்பானிய மொழியில் ஐந்துக்கும் அப்படி. தமிழில் அது மூன்றாக அமைந்ததைக் கண்ட அன்று, அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் 'ரெண்டு லட்சத்து முப்பதாயிரம்' என்று ஒரு தொகையைச் சொல்லி, பத்திரத் தமிழில் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

ஏற்றுமதிப் பில்களில் இன்னொரு கவனம் வேண்டும். நாம் 12,50,000 என்று காற்புள்ளி இட்டு, பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் என்று படிப்பதை, வெளிநாட்டுக்காரர் 1,250,000 என்று வெட்டி, ஒரு மில்லியனும் இருநூற்றைம்பது ஆயிரமும் என்று படிப்பார். ஜப்பானியர் பத்தாயிரத்துக்கு ஒரு தனிச் சொல் வைத்து, நூற்றிருபத்தைந்து பத்தாயிரம் என்பார். பில்லியன் என்னும் சொல்லே பிரிட்டனில் 1974 வரை இலட்சம் கோடியைக் குறித்து, பிறகுதான் அமெரிக்க வழக்கப்படி நூறு கோடியானது. எண்ணுப்பெயரை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எண்ணிலிருந்து தொடங்கி, அந்தந்த மொழிக்காரர் எப்படி வெட்டுவாரோ அப்படி வெட்டி, புதிதாக எழுதவேண்டும்.

என் நிரலில் இப்போது தமிழ் எண்ணுப்பெயர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. முதல் நெடுவரிசைக்கு 'முடிந்தது' என்றும் இரண்டாவதற்கு 'தொடரும்' என்றும் பெயர் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது ஐம்பது, நூறு சீட்டுகளை அச்சிட்டு எடுத்துப் போவேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டுப் படிப்பார். போன முறை ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். 'நூற்று பதினொன்று' என்று ஒற்று இல்லாமல் அச்சாகியிருந்தது. பகரத்துக்கு முன்னால் ஒரு 'ப்' எழுதி, அதன் தலையில் புள்ளி வைத்து, தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஒடியாவுக்கும் இந்தியைப் போலவே நூறு தனிச் சொற்கள் வேண்டும். கட்டிங் பிரிவில் வேலை செய்யும் கட்டாக் பக்கத்துத் தோழி ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டில் அவற்றை எழுதித் தருகிறார். நேற்றோடு அறுபத்தெட்டு ஆகியிருக்கிறது.